விலாங்கைத் திட்டாதீங்க

போன மாதம் ஒரு கூட்டம். நம்ம மாணவர்கள் ஏற்பாடு செய்தது. அணி மாறிப்போன ஒரு தலைவரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவரும் நம்மாள்தான். மேடையில் நின்ற தோழர் குரலை உயர்த்தி, “அவரு ஒரு விலாங்குங்க. பாம்புக்குத் தலையக் காட்டுவாரு, மீனுக்கு வாலக் காட்டுவாரு” என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டப்போனேன். கை பாதியிலேயே நின்றுவிட்டது. எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு.

எங்கம்மா விலாங்கு வித்தவ.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து ரெண்டு மைல் உள்ளே தள்ளி எங்க சேரி. நடவும் அறுப்பும் இல்லாத நாளில் அம்மா விடியுமுன்னே கூடையைத் தூக்கிக்கிட்டுக் கடற்கரைக்குப் போவா. வஞ்சிரமும் வவ்வாலும் ஏலம் எடுக்க நம்மகிட்ட ஏது முதல்? அதெல்லாம் லாரி ஏறிப்போன பிறகு மணலில் கிடக்கிறதுதான் எங்களுக்கு. அதில் விலாங்கும் ஒண்ணு. ஆள் நீளத்துக்கு மேலேயும் கிடைக்கும். நம்ம கடலில் இருக்கிற பெரிய விலாங்கு ரெண்டரை மீட்டர் வரைக்கும் வளரும். கடலடிச் சேற்றில் கிடந்து இரை பிடிக்கிற மீன் அது. நீண்ட தாடை, வாய்க்குள்ளே கோரைப்பல். படகில் ஏத்தின பிறகும் கடிக்கும். அதனால் தலையில் அடிச்சுத்தான் அடக்குவாங்க.

அம்மா அதைக் கொண்டாந்து சாம்பல் போட்டு உருவி வழுவழுப்பை எடுப்பா. வட்டம் வட்டமா நறுக்குவா. விக்கிறது போக வாலும் தலையும் எங்களுக்கு. உடம்பு முழுக்கப் பொடி முள். புளி கரைச்சு மிளகாய் அரைச்சுக் கொதிக்க விட்டா, நாள் முழுக்கச் சேத்துல நின்ன உடம்புக்குச் சூடு ஏறும். ஊருக்குள்ளே எங்களைப் பார்த்தா, “பாம்பு திங்கிற பயலுவ” என்பார்கள். கோயிலுக்குப் போனா, அதாவது நாங்க போற மாதா கோயிலுக்குப் போனா, செதில் இல்லாத மீன் அசுத்தம்னு லேவியராகமத்திலேயே இருக்கு என்று மத்த சாதிக் கிறித்தவர் வீட்டுப் பிள்ளைகள் கிண்டல் பண்ணும். அந்தச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று நண்டும் இறாலும் தின்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் அதுங்க. நண்டுக்குப் போன சட்டம் விலாங்குக்கு மட்டும் திரும்பி வந்துடும், ஏன்னா விலாங்கு எங்க சட்டியில் இருந்தது.

இப்படி ரெண்டு பக்கத்துக்கும் ஆகாத மீனைத் தின்னு வளர்ந்தவள் நான். அதனால் இந்தச் சொல்லைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். எங்க கரையில் விலாங்கு என்றால் விலாங்கு. பாறை இடுக்கில் கிடப்பது அஞ்சாளை. குளத்துச் சேற்றில் பிடிக்கிற சின்னது ஆரல். அது பார்க்க அப்படி இருக்குமே தவிர விலாங்கு இனமே இல்லை. பழைய பாட்டுகளில் வயல் வளம் சொல்லும்போது வரும் மலங்கும் விலாங்குதான். பிடிக்கிறவர்களுக்கும் விக்கிறவர்களுக்கும் இத்தனை பேர் தெரியும். பட்டணத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பேர்: பாம்பு மீன். அகராதியைப் புரட்டினாலும் ‘பாம்பு போன்ற மீன்’ என்கிற ரீதியில்தான் பொருள் எழுதியிருப்பார்கள். எனக்கு இந்தப் ‘போன்ற’ மேலேதான் சந்தேகம். விலாங்கு எதைப் போன்றும் இல்லை. விலாங்கு விலாங்கைப் போலத்தான் இருக்கிறது. பார்க்கிறவன் கையில் முன்கூட்டியே ரெண்டு பெட்டி இருக்கிறது. ஒன்றில் மீன், ஒன்றில் பாம்பு. எதிலும் அடங்காததைப் பார்த்தவுடன் அவனுக்கு வருகிற எரிச்சலுக்குப் பெயர்தான் ‘போன்ற’.

அடுத்து அந்தப் பழமொழி. அதைச் சொன்னவன் ஒரு நாளும் விலாங்கைக் கையில் பிடித்தவனில்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன். விலாங்கின் தலைப்பக்கம்தான் அது மீன் என்பதற்குச் சாட்சி. அங்கேதான் செவுள் திறப்பு இருக்கிறது. நம்ம கடல் விலாங்குக்கு அதற்குப் பின்னால் ரெண்டு பக்கமும் துடுப்பு இருக்கிறது. வாலைப் பார்த்தால்தான் ஏமாறலாம். மற்ற மீன்களைப் போல அதற்குக் கவட்டை வால் கிடையாது. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் போய் வால் நுனியில் சேர்ந்து கூராக முடியும். ஆக மீனுக்கு வாலைக் காட்டி அது யாரையும் ஏய்க்க முடியாது. பழமொழி தலைகீழாக இருக்கிறது. கடல் பாம்பு வேறு. அதற்குச் செதில் உண்டு, செவுள் கிடையாது. தட்டையான வால். மூச்சு வாங்க மேலே வந்தாகணும். பல்லில் கொடிய விஷம். விலாங்கு கடித்தால் சதை கிழியும், விஷப்பல் கிடையாது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் இருட்டில் கை வைத்தே எது பாம்பு எது விலாங்கு என்று சொல்லுவா. எழுத்து தெரிந்தவர்கள்தான் இந்தப் பழமொழியை நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

பெரிய படிப்பாளிகளும் இந்த விஷயத்தில் இடறி விழுந்தவர்கள்தான். விலாங்கு தாயின் வயிற்றிலிருந்து வருவதில்லை, சேற்றிலிருந்து தானே முளைக்கிறது என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்தார். சேற்றில் கிடப்பதைச் சேற்றிலேயே பிறந்ததாகச் சொல்லுவது நமக்குப் புதுசா? விலாங்கின் குஞ்சு கண்ணாடி இலை மாதிரி தட்டையாக, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இருக்கும். ஐரோப்பிய அறிஞர்கள் அதைத் தாயோடு சேர்க்காமல் வேறு ஒரு மீன் என்று தனிப் பெயர் வைத்துப் பட்டியலில் ஏற்றினார்கள். அந்த இலைதான் வளர்ந்து விலாங்கு ஆகிறது என்று 1896இல்தான் இரண்டு இத்தாலிய விஞ்ஞானிகள் உறுதிப்படுத்தினார்கள். அறிவியல் தன் தப்பைத் திருத்திக்கொண்டது. பழமொழி திருத்திக்கொள்ளவில்லை.

இப்ப என் கதைக்கு வர்றேன். இதை முப்பது வருசத்துக்கு மேல் வெளியே சொன்னதில்லை.

எங்கம்மாவுக்கு ரெண்டு பேர். மாதா கோயிலில் அந்தோணியம்மா. ரேசன் கார்டில் அஞ்சலை. எனக்கும் ரெண்டு பேர். 1987இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். கல்லூரியில் சேர சாதிச் சான்றிதழ் வேணும். விசாரிக்க ஒருத்தர் வீட்டுக்கு வர்றார் என்று தெரிந்தது. முதல் நாள் ராத்திரி அம்மா சுவரிலிருந்த மாதா படத்தை எடுத்தா. எங்கே வைக்கிறதுன்னு தெரியாம வீட்டைச் சுத்திச் சுத்தி வந்தா. கடைசியில் நெல்லுப் பானைக்குள்ளே வைத்து மேலே சாக்கைப் போட்டு மூடினா. படம் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாத் தெரிஞ்சது. அந்த இடத்தில் ஒரு முருகன் காலண்டரை மாட்டினோம். காலண்டர் சின்னது. வெள்ளை ஓரம் தெரிஞ்சுக்கிட்டே இருந்தது.

வந்தவர் அந்த ஓரத்தைத்தான் பார்த்தார். “ஏம்மா, இங்க என்ன படம் இருந்துச்சு?” என்றார். அம்மா பேசலே. அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீங்கள்லாம் விலாங்கு மாதிரி. சாமிக்குத் தலை, சாருக்கு வால்.” ஆனாலும் எழுதிக் கொடுத்துவிட்டார். நல்ல மனுசன் என்று ஊரில் பேர். நான் படித்தேன், ஆசிரியை ஆனேன். அவர் போன பிறகு அம்மா பானையிலிருந்து படத்தை எடுத்துத் தூசி துடைத்து, முந்தானையில் மூடி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. “மாதா கோவிச்சுக்காது. அதுவும் புள்ள பெத்தவதானே” என்றா.

விலாங்கு பொய் சொல்லவில்லை. அது யாருக்கும் எதையும் காட்டவில்லை. நாங்கள்தான் காட்டினோம். தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். இதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் கேக்குறேன், எங்களைக் காட்ட வைத்தது யார்?

1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத மதத்தவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒருவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறித்தவர் என்பதால் அவருக்கு இல்லை என்றார்கள். 1985இல் தீர்ப்பு வந்தது: மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று காட்டப்படவில்லையாம். தெருவோரம் உட்கார்ந்து ஊரார் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்த மனுசனிடம் இதைச் சொன்னார்கள். மதம் மாறியதும் அவர் கையிலிருந்த ஊசி மாறிப்போச்சா?

மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. நடக்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில், ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். அதைப் படித்தபோது எனக்கு அந்த வெள்ளைச் சுவர் ஞாபகம் வந்தது. விலாங்கு என்று ஒருத்தர் சிரித்துக்கொண்டு சொன்னதை, மோசடி என்று சட்ட மொழியில் சொல்லியிருக்கிறார்கள்.

திருச்சபை என்ன செய்தது? ‘கிறிஸ்துவில் சாதி இல்லை’ என்று பிரசங்கம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே சாதிச் சுவர். பலிபீடத்தில் தலையைக் காட்டி, கல்லறையில் வாலைக் காட்டியது யார்? ஆதிதிராவிடரிலிருந்து கிறித்தவரானவரை நம்ம மாநில அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. அதாவது, நீ மாறினாலும் நீ யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் உனக்குரியது கிடையாது. இதை யாராவது விலாங்குத்தனம் என்று சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அதற்குப் பேர் கொள்கை. அதற்குப் பேர் நிர்வாகம்.

ரெண்டாவது கதை சின்னது. 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் சாவு. கடல் பார்த்துச் சாகடிக்கவில்லை. கணக்கு எடுத்தவர்கள் பார்த்தார்கள். தற்காலிக முகாம்களிலும் நிவாரணத்திலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டது அப்போதே அறிக்கைகளாக வெளிவந்தது. அன்றைக்கு அம்மா கரையில்தான் இருந்தா. கூடை போச்சு, தராசு போச்சு, ஏலம் எடுக்க வைத்திருந்த காசு போச்சு. ஒரு தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் பிழைத்தா. பேர் எழுத வந்தவர் கேட்டார்:

“மீனவரா?”

“மீன் விக்கிறேன் சார்.”

“அது கேக்கலம்மா. சாதி மீனவரா?”

“இல்ல சார்.”

“அப்ப விவசாயக் கூலின்னு போடவா? வயல் பாதிச்சுதா?”

“வயல் எங்களுது இல்லியே சார்.”

பேனாவை மூடிவிட்டார். மீனவர் பட்டியலில் அம்மா இல்லை. வயல் பட்டியலிலும் இல்லை. ராத்திரி அம்மா சொன்னா: “அலை வந்தப்ப என்ன எந்தச் சாதின்னு கேக்கலடி. இவுங்க கேட்டாவ.” மீனவ மக்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இழந்தது கொஞ்சமா? பட்டியல் போட்டவனைச் சொல்கிறேன். அவன் கையிலும் ரெண்டு பெட்டிதான் இருந்தது.

இனி, மேடையில் பேசிய தோழருக்கு வருகிறேன். தோழர், நீங்க யாரை விலாங்கு என்றீங்க? நம்ம ஆளை. அவர் செய்தது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆதிக்க சாதித் தலைவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் அணி மாறுகிறார்கள். நேற்று ஊழல் என்று திட்டியவரின் கையை இன்று பிடித்துத் தூக்குகிறார்கள். பத்திரிகை என்ன எழுதுகிறது? ராஜதந்திரி என்கிறது. சாணக்கியர் என்கிறது. வியூகம் என்கிறது. நம்மாள் ஒரே ஒரு தடவை மாறினால் விலாங்கு, வழுக்கல், விலைபோனவன். அவர்களுக்கு மூளை, நமக்கு வழுவழுப்பு. இந்த வித்தியாசத்தை அவர்கள் செய்தால் எதிர்த்து எழுதுகிறோம். நாமே செய்தால் கைதட்டுகிறோமே.

“சொல்லுதானே, இதுக்குப் போயி இவ்வளவா?” என்று கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பி கேட்டான். சொல்தான் தம்பி. சொல்லை வைத்துத்தான் நம்மைச் சேரிக்கு அனுப்பினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகை தொடங்கி, சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தது பொழுது போகாமலா? நம்மை இழிவு செய்யும் சொற்களுக்குள்ளே புகுந்து, இது இப்படி இல்லை என்று வாதாடினார். அவர் பிரித்த விதம் எல்லாம் சரியா என்பது வேறு பேச்சு. சொல்லை அப்படியே வாங்கிக்கொள்ளாதே என்பதுதான் அவர் நமக்கு விட்டுப்போன சொத்து. விலாங்கு என்று எழுதிப் பாருங்க. நடுவில் இருக்கிற காலை எடுத்துட்டா விலங்கு. மிருகத்துக்கும் அதுதான் பேர், கையில் மாட்டுவதற்கும் அதுதான் பேர்.

இன்னொரு தம்பி புத்திசாலித்தனமாக ஒன்று சொன்னான்: “அக்கா, அப்ப அரசையும் சபையையும் விலாங்குன்னு திட்டுவோம். திருப்பி அடிப்போம்.” முதலில் எனக்கும் இனித்தது. யோசித்தால் அதுவும் வேண்டாம். அவர்களைத் திட்ட எங்கம்மா கூடையிலிருந்து எதுக்குப் பேர் எடுக்கணும்? ஜப்பானில், கியோட்டோ நகரத்தில், நம்ம கடல் விலாங்குக்கு நெருங்கின சொந்தத்தை ‘ஹாமோ’ என்கிறார்கள். கோடைத் திருவிழாவுக்கு அதுதான் விசேசச் சாப்பாடு. பொடி முள்ளை நறுக்கிப் பதமாக்கத் தனியாகப் பழகிய சமையல்காரர்கள் இருக்கிறார்கள். அதே வகை மீன்தான். அங்கே திருவிழாச் சோறு, இங்கே வசவு. தப்பு மீன்கிட்ட இல்லை.

திட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்மைக் காட்டிக் கொடுத்தவனைச் சும்மா விடச் சொல்லவும் இல்லை. விலாங்கு என்று சொல்லும்போது அவன் என்ன செய்தான் என்பதைச் சொல்லாமல் தப்பிக்கிறீர்கள். கூட்டம் சிரிக்கிறது, கணக்கு கேட்பதில்லை. அவனுக்கும் அது வசதி. இத்தனையாம் தேதி இந்தக் கிராமத்தில் இந்த வாக்கைக் கொடுத்தார், இத்தனையாம் தேதி மீறினார், அதனால் இத்தனை குடும்பம் வழக்கில் தனியாக நிற்கிறது என்று சொல்லுங்க. அதற்கு அவர் பதில் சொல்லியாகணும். மிருகத்தின் பேர் வைத்தால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு, கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்க. அன்றைக்கு என் பக்கத்தில் ஒரு மாணவி. கைப்பையில் செபமாலை. சான்றிதழில் வேறு பேர். எனக்குத் தெரியும், அவள் சொல்லாமலே தெரியும். விலாங்கு என்று நீங்க கத்தினபோது எல்லோரும் சிரித்தார்கள். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அம்மா இறந்து ஆறு வருசம் ஆகுது. மாதா கோயில் கல்லறையில்தான் வைத்தோம், அந்தோணியம்மா என்று எழுதி. இறப்புச் சான்றிதழில் அஞ்சலை. ரெண்டு பேரும் அவதான். அவ யாரையும் ஏமாத்தலே.

அடுத்த கூட்டத்துக்கும் நான் வருவேன். அவர் செய்த துரோகத்தைத் தேதி போட்டுச் சொல்லுங்க, முதல் ஆளா நான் கை தட்டுறேன். விலாங்கை விட்டுடுங்க. அது மீன்.